சுமையை இறக்கிய சோலோன்



தேர்தல் நாளன்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறோம். மக்களாட்சி என்கிறோம், குடியாட்சி என்கிறோம், ஜனநாயகம் என்கிறோம். இது எங்கே முளைத்தது, யார் விதை போட்டது என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினால் கிரேக்க நாடு, ஏதென்ஸ் நகரம் என்று இரண்டு வரி கிடைக்கும். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். ஏறக்குறைய 2600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். பெயர் சோலோன். அவர் அரசர் இல்லை. ஆகியிருக்கலாம், ஆனால் ஆகவில்லை. அவருடைய கதையைப் படித்தால் உங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மக்களாட்சியின் கதை ஓட்டுப் பெட்டியில் தொடங்கவில்லை. கடனில் தொடங்குகிறது.

முதலில் அந்தக் காலத்து ஏதென்ஸைப் பார்த்துவிடுவோம்.

கிரேக்கத்தில் அட்டிக்கா என்று ஒரு பகுதி. அதன் தலைநகரம் ஏதென்ஸ். மண் அவ்வளவு வளமானதில்லை. பார்லி விளையும், ஒலிவ மரமும் அத்தியும் திராட்சையும் வளரும். நல்ல நிலமெல்லாம் சில பெரிய குடும்பங்களின் கையில் இருந்தது. ஆட்சிப் பதவியும் அவர்களுக்குத்தான். ஆண்டுதோறும் ஆர்க்கன் என்ற ஆட்சித் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. வழக்குத் தீர்ப்பதும் அவர்களே.

சின்ன விவசாயியின் நிலை என்ன? ஒரு வருஷம் விளைச்சல் பொய்த்தால் பெரிய வீட்டுப் படி ஏறுவான். கடன் கிடைக்கும். கடனுக்கு அடையாளமாக அவன் நிலத்தில் ஒரு கல்லை நட்டுவிடுவார்கள். அந்தக் கல் நிற்கும்வரை அந்த நிலம் முழுசாக அவனுடையது இல்லை. விளைச்சலில் ஆறில் ஒரு பங்கை அளந்து கொடுக்க வேண்டிய ஒரு கூட்டமே இருந்தது. அவர்களுக்கு ஆறிலொரு பங்குக்காரர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதையும் அளக்க முடியாமல் போனால்? நிலம் போய்விட்டது, மாடு போய்விட்டது, இனி ஈடு வைக்க என்ன இருக்கிறது? உடம்பு இருக்கிறது. தன் உடம்பையும் மனைவி மக்களையும் ஈடு வைத்துக் கடன் வாங்கினார்கள். தவணை தவறினால் கடன் கொடுத்தவன் அவர்களை அடிமையாக வைத்துக்கொள்ளலாம். கடல் கடந்து அந்நிய தேசத்தில் விற்றும் விடலாம். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய கதையை உங்கள் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குத் தீராமல் ஆள் நகர முடியாது என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஏதென்ஸில் நடந்தது அதைவிடக் கொடுமை. அங்கே ஆளே சரக்கு.

கி.மு. 621 வாக்கில் டிராக்கோ என்பவர் முதன்முதலாகச் சட்டங்களை எழுத்தில் கொண்டுவந்தார். அதுவரை சட்டம் பெரிய மனிதர்களின் வாயில்தான் இருந்தது. அவர்கள் சொன்னதே சட்டம். எழுத்தில் வந்தது நல்லதுதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் காய்கறி திருடியவனுக்கும் கொலை செய்தவனுக்கும் ஒரே தண்டனை, மரணம். கடன் அடிமையை அது விடுவிக்கவும் இல்லை. ஏழைகள் கொதித்துப்போய் இருந்தார்கள். ஊர் இரண்டு பட்டு நின்றது.

இந்த நேரத்தில்தான் சோலோன் வருகிறார்.

கி.மு. 630 வாக்கில் பிறந்தவர். குலம் பெரிய குலம். ஆனால் அப்பா எக்செகெஸ்டிடெஸ் வந்தவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்துச் சொத்தைக் கரைத்துவிட்டார் என்கிறார், பிற்காலத்தில் சோலோனின் வரலாற்றை எழுதிய புளூட்டார்க். கொடுத்துப் பழகிய வீட்டுப் பிள்ளை இன்னொருவரிடம் கை நீட்டுவானா? சோலோன் வியாபாரத்தில் இறங்கினார். கப்பலேறினார், பல ஊர் பார்த்தார். ஆகவே பணக்காரர்கள் அவரைத் தங்கள் இனம் என்று நினைத்தார்கள். ஏழைகளோ, உழைத்துச் சம்பாதிக்கிற ஆள், நம் கஷ்டம் தெரிந்தவர் என்று நினைத்தார்கள். அவர் கவிஞரும்கூட. ஏதென்ஸின் முதல் கவிஞர் என்று அவரைச் சொல்லலாம். அவருக்கு முந்திய ஏதென்ஸ் கவிஞர் எவருடைய பாட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

அவர் பெயர் ஊரெல்லாம் பரவிய கதை வேடிக்கையானது. மாணவர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஏதென்ஸ் கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சலாமிஸ் என்று ஒரு தீவு. அதற்காக ஏதென்ஸுக்கும் பக்கத்து மெகாரா நகரத்துக்கும் நெடுநாள் சண்டை. ஏதென்ஸ் தோற்றுத் தோற்றுக் களைத்துப்போனது. கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். இனிமேல் எவனாவது சலாமிஸுக்காகப் போருக்குப் போகலாம் என்று பேசினால் அவனுக்கு மரண தண்டனை! பேசினாலே சாவு. இளைஞர்களுக்கு உள்ளுக்குள் ஆசை. வாய் திறக்கப் பயம். சோலோன் என்ன செய்தார் தெரியுமா? தமக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டாரைவிட்டு ஊரில் சொல்லச் செய்தார். ஒருநாள் தலையில் குல்லாவை மாட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடி வந்தார். அறிவிப்பாளர் நிற்கும் கல்லின்மேல் ஏறி, சலாமிஸ் தீவைப் பற்றி 100 அடியில் தாம் கட்டிய பாட்டைப் பாடினார். பைத்தியக்காரன் பாட்டுப் பாடினால் சட்டம் என்ன செய்யும்? கூட்டம் கூடிவிட்டது. சட்டத்தை ரத்து செய்தார்கள். சோலோன் தலைமையிலேயே படை போனது. தீவு கைக்கு வந்தது.

மக்கள் வாயை மக்களே கட்டிக்கொண்ட சட்டம் அது. அதை அவிழ்க்க ஒருவர் பைத்திய வேஷம் போட வேண்டியிருந்தது, பாருங்கள்.

கி.மு. 594-ல் அவரை ஆர்க்கனாகத் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரண ஆர்க்கனாக இல்லை. இரு தரப்புக்கும் நடுவராக நின்று, பழைய சட்டத்தை மாற்றிப் புதிதாக எழுதும் முழு அதிகாரத்தோடு. நண்பர்கள் பலர் காதில் ஓதினார்கள். இதுதான் சமயம், நீயே தனியாட்சி நடத்து, யார் கேட்கப் போகிறார்கள் என்று. அந்தக் காலத்தில் பக்கத்து நகரங்கள் பலவற்றில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. சோலோன் மறுத்துவிட்டார். வலையில் விழுந்த மீனை விட்டுவிட்ட முட்டாள் என்று அவரைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியைக்கூட அவர் பாட்டாக எழுதி வைத்திருக்கிறார்.

அவர் செய்த முதல் வேலை கடனை ஒழித்தது. இதற்குச் சுமை உதறல் என்று பெயர். நிலத்தில் நட்ட கற்களைப் பிடுங்கினார்கள். உடம்பை ஈடு வைத்து வாங்கிய கடன் செல்லாது. இனி எவனும் எவனுக்கும் உடம்பை ஈடு வைத்துக் கடன் கொடுக்கவே கூடாது என்று சட்டம் வந்தது. உள்ளூரில் அடிமையாகக் கிடந்தவர்கள் விடுதலை ஆனார்கள். வெளிநாட்டில் விற்கப்பட்டவர்களில் பலரையும் மீட்டுக்கொண்டு வந்ததாக அவரே தம் பாட்டில் குறிப்பிடுகிறார். அதில் ஒரு விஷயம் மனதைப் பிசைகிறது. திரும்பி வந்தவர்களில் சிலர் அலைந்த அலைச்சலில் தாய்மொழியையே மறந்துபோயிருந்தார்களாம். இந்த மலரைத் தமிழில் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த வலி புரியும்.

ஆனால் இங்கேயே ஓர் அசிங்கமும் நடந்தது. அதை மறைக்கக் கூடாது. கடனை ஒழிக்கப் போகிறேன், நிலத்தில் கை வைக்க மாட்டேன் என்று சோலோன் தம் நெருங்கிய நண்பர்கள் சிலரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த நல்லவர்கள் என்ன செய்தார்கள்? ஓடிப்போய்ப் பெரிய பெரிய தொகையாகக் கடன் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கிப் போட்டார்கள். மறுநாள் சட்டம் வந்தது. கடன் போச்சு, நிலம் மிச்சம்! ஊர் முழுக்க அவர்களுக்குக் கடன் வெட்டிகள் என்று பட்டப்பெயர். சோலோனுக்கும் இதில் பங்கு உண்டு என்று பேச்சு கிளம்பியது. அவரைக் காப்பாற்றியது அவர் கொடுத்திருந்த சொந்தக் கடன்தான். பிறரிடமிருந்து அவருக்கு வர வேண்டியது 5 டாலன்ட். ஒரு டாலன்ட் என்றால் சுமார் 26 கிலோ வெள்ளி. நம் கைச்செலவு வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள், தட்டான் உருக்குகிற அசல் வெள்ளி! அத்தனையையும் முதல் ஆளாக அவர் விட்டுக்கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் ஊர் வாய் அடங்கியது. அரசாங்கம் என்ன செய்யப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிலம் வாங்கிப் போடுகிற சாமர்த்தியம் அத்தனை பழசு.

யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. கொடுத்த பணம் போயிற்றே என்று பணக்காரர்களுக்குக் கோபம். நிலத்தையும் எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுப்பார் என்று எதிர்பார்த்த ஏழைகளுக்கும் கோபம். அது அவர் செய்யவில்லை. செய்திருக்க வேண்டுமா, கூடாதா என்று இன்றைக்கும் வாதாடலாம். உழைக்க நிலம் இல்லாதவனுக்கு விடுதலை மட்டும் சோறு போடுமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அன்றைக்கு நிலத்தில் கை வைத்திருந்தால் உள்நாட்டுப் போர் மூண்டு, கடன் ஒழிப்பும் கூடச் சேர்ந்து அழிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

அடுத்து ஆட்சி முறை. டிராக்கோவின் சட்டங்களில் கொலைக் குற்றம் பற்றியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கினார். குடிமக்களை விளைச்சல் கணக்குப்படி நான்கு வகுப்பாகப் பிரித்தார். தானியமோ எண்ணெயோ மதுவோ ஆண்டுக்கு 500 அளவை கிடைப்பவர் முதல் வகுப்பு. தானிய அளவை ஒன்று சுமார் 52 லிட்டர் பிடிக்கும். 300 அளவை கிடைப்பவர் இரண்டாவது, குதிரை வைத்துக்கொள்ள வசதி உள்ளவர். 200 கிடைப்பவர் மூன்றாவது. அதற்கும் கீழே உள்ளவர், கூலிக்காரர் உட்பட, நான்காவது. உயர்ந்த பதவி மேல் வகுப்புக்குத்தான். இதென்ன நியாயம், பணம் இருப்பவனுக்குத்தானே பதவி என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதுவரை பிறப்பு ஒன்றே கணக்கு. இன்ன குடும்பத்தில் பிறக்காதவனுக்கு ஏழு ஜென்மத்திலும் வழியில்லை. பிறப்பின் இடத்தில் விளைச்சலை வைத்தார் சோலோன். விளைச்சல் கூடும், குறையும், பிறப்பு மாறாது. சுவரில் ஒரு கதவு வைத்த மாதிரி. கதவு குறுகல்தான்.

நான்காவது வகுப்புக் கூலியாளுக்கு அவர் கொடுத்தது இரண்டு. ஊர்ச் சபையில் உட்கார்ந்து கை தூக்கும் உரிமை ஒன்று. மக்கள் நீதிமன்றத்தில் உட்காரும் உரிமை இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலிக்காரன் நீதிமன்றத்தில் உட்கார்ந்து என்ன கிழிக்கப் போகிறான் என்று பெரிய மனிதர்கள் விட்டுவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது. அதிகாரியின் தீர்ப்புப் பிடிக்காதவன் அந்த நீதிமன்றத்தில் முறையிடலாம். அதிகாரியே தவறு செய்தாலும் அங்கேதான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நாட்டின் முக்கியமான வழக்கெல்லாம் அந்தக் கூலிக்காரன் முன்னால் வந்து நின்றது.

இன்னொரு சட்டம், எல்லாவற்றிலும் சிறந்தது என்று நமக்குப் படுவது. ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் அவனே வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. எந்தக் குடிமகனும் அவனுக்காக வழக்குப் போடலாம். நினைத்துப் பாருங்கள். அடி வாங்கியவன் பயந்தவன். எழுதப் படிக்கத் தெரியாதவன். பெரிய வீட்டை எதிர்த்து அவன் எப்படிப் போவான்? பக்கத்து வீட்டுக்காரன் போகலாம் என்றார் சோலோன். நமக்கென்ன, அவன் பாடு அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்குகிறோமே, அந்தக் குணத்துக்கு அவர் போட்ட மருந்து இது.

தலைமை வேலைகளைக் கவனிக்க 400 பேர் கொண்ட ஓர் ஆலோசனை மன்றமும் ஏற்படுத்தினார் என்கிறார்கள். ஊரில் கலகம் வந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும்போது எந்தப் பக்கமும் சேராமல் வேடிக்கை பார்ப்பவன் குடியுரிமை இழப்பான் என்றும் ஒரு சட்டம் அவர் பெயரில் சொல்லப்படுகிறது. அது அவர் போட்டதுதானா என்று அறிஞர்களுக்குள் சந்தேகம் உண்டு.

சின்னச் சின்னச் சட்டங்களிலும் அவர் மனம் தெரிகிறது. அட்டிக்காவில் தண்ணீர்ப் பஞ்சம். பொதுக் கிணறு சுமார் 700 மீட்டருக்குள் இருந்தால் அதில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அப்பால் இருப்பவன் சொந்தமாகத் தோண்ட வேண்டும். 60 அடி தோண்டியும் தண்ணீர் வரவில்லையா? அப்போது பக்கத்து வீட்டுக் கிணற்றில் நாளைக்கு இரண்டு தடவை, ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும் குடத்தில் எடுத்துக்கொள்ளலாம். முயற்சி செய்தவனுக்கு உதவி, சோம்பேறிக்கு இல்லை. குழாயடியில் வரிசை பிடித்து நின்ற காலம் நினைவிருப்பவர்கள் இந்தச் சட்டத்தை ரசிப்பார்கள். நாட்டில் விளைவதில் ஒலிவ எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று தடுத்தார். உள்ளூர்க்காரன் பட்டினி கிடக்கத் தானியம் கப்பலேறுவதை நிறுத்தினார். குடும்பத்தோடு வந்து தங்கித் தொழில் செய்யும் அந்நியருக்குக் குடியுரிமை கொடுக்க வழி செய்தார்.

பெற்றோர்களே, உங்களுக்கென்றே ஒன்று. மகனுக்கு ஒரு தொழிலும் கற்றுக் கொடுக்காத தகப்பனை வயதான காலத்தில் மகன் காப்பாற்ற வேண்டிய கடமை இல்லை என்று சோலோன் சட்டம் போட்டார்! கஞ்சி ஊற்றவில்லை என்று பிள்ளையின்மேல் வழக்குப் போடும் முன், நீ அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று சட்டம் தகப்பனைக் கேட்கும். பரிசளிப்பு விழா நாளில் வேறொன்றும் சொல்லலாம். ஒலிம்பிக் போட்டியில் வென்ற ஏதென்ஸ் வீரனுக்கு 500 டிராக்மா, இஸ்த்மியப் போட்டியில் வென்றவனுக்கு 100 டிராக்மா என்று பரிசுத் தொகையைச் சட்டத்திலேயே எழுதி வைத்தவரும் அவர்தான்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். சபையில் பெண்களுக்கு இடம் இல்லை. சோலோன் காலத்தில் மட்டுமில்லை, ஏதென்ஸ் மக்களாட்சி இருந்த காலம் முழுக்க இல்லை. அடிமை முறையும் ஒழியவில்லை. ஏதென்ஸ்காரன் ஏதென்ஸ்காரனை அடிமையாக்கக் கூடாது என்பதோடு சட்டம் நின்றுவிட்டது. விலைக்கு வாங்கிவந்த அந்நிய அடிமைகள் வீட்டிலும் வயலிலும், பிற்காலத்தில் லாரியம் வெள்ளிச் சுரங்கத்திலும் வேலை செய்தார்கள். குடிமகன் சபைக்குப் போய்ப் பேசுகிற நேரத்தில் அவன் வீட்டு வேலையை யார் செய்தது என்று யோசித்தால் அந்தச் சபையின் ஒளி கொஞ்சம் மங்கத்தான் செய்கிறது. தம் மக்களின் கழுத்திலிருந்து இறக்கிய சுமை வேறு ஒருவர் கழுத்துக்குப் போனதை சோலோன் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் அதைச் சுமை என்று நினைக்கவில்லை.

சட்டங்களை மரப் பலகைகளில் எழுதி, சுழற்றிப் படிக்கும்படி சட்டத்தில் பொருத்தி, எல்லாரும் பார்க்க வைத்தார்கள். அவற்றைக் காப்பதாக ஏதென்ஸ் சத்தியம் செய்தது. பத்து ஆண்டுக்கு என்கிறார் ஹெரோடோட்டஸ். நூறு ஆண்டுக்கு என்கிறார் புளூட்டார்க். உடனே வந்தது தொந்தரவு. தினமும் வீட்டு வாசலில் கூட்டம். இந்தச் சட்டத்துக்கு என்ன அர்த்தம், அதைக் கொஞ்சம் மாற்றக் கூடாதா, எனக்காக ஒரு வரி சேர்க்கக் கூடாதா என்று. இருந்தால் மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் அது தம் சட்டமாகிவிடும், ஊர்ச் சட்டமாக இராது என்று சோலோன் கண்டுகொண்டார். பத்து ஆண்டுக்கு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். அதிகாரத்தை மறுத்தது ஒரு பங்கு பெரிதென்றால், கையில் கிடைத்ததை இப்படி விட்டுவிட்டுப் போனது பத்துப் பங்கு பெரிது. எத்தனை தலைவர்களுக்கு இந்த மனம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

எகிப்துக்குப் போனார், சைப்ரஸ் தீவுக்குப் போனார். லிடியா நாட்டுப் பெரும் பணக்கார மன்னன் குரோசஸைச் சந்தித்து, இறக்கும்வரை எவனையும் பாக்கியசாலி என்று சொல்லிவிடாதே என்று புத்தி சொன்ன கதையை மாணவர்கள் படித்திருக்கலாம். அழகான கதைதான், ஆனால் காலக் கணக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

ஊர் திரும்பியபோது கிழவராகிவிட்டார். ஏதென்ஸ் மூன்று கட்சியாகப் பிரிந்து கிடந்தது: சமவெளிக்காரர், கடற்கரைக்காரர், மலைக்காரர். மலைக்காரர் கட்சியின் தலைவர் பிசிஸ்ட்ராட்டஸ். சோலோனுக்குத் தாய் வழியில் உறவு. போரில் வீரன், பேச்சில் தேன், ஏழைக்கு இரங்குபவர். சோலோனுக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவருக்குள் இருந்த பதவி ஆசையை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவரும் சோலோன்தான்.

இனி நடந்ததை நிதானமாகப் படியுங்கள். கி.மு. 561 வாக்கில் ஒருநாள் பிசிஸ்ட்ராட்டஸ் உடம்பெல்லாம் இரத்தத்தோடு, வண்டியில் சந்தைக்கு வந்து இறங்கினார். எதிரிகள் என்னைக் கொல்லப் பார்த்தார்கள், உங்களுக்காகப் பாடுபடுவதால் எனக்கு இந்தக் கதி என்று காயத்தைக் காட்டினார். காயம் அவரே கீறிக்கொண்டது. சபை கூடியது. தலைவருக்குக் காவலாகத் தடி ஏந்திய 50 ஆட்களைக் கொடுக்க வேண்டும் என்று அரிஸ்டன் என்பவர் தீர்மானம் கொண்டுவந்தார். சோலோன் எழுந்து எதிர்த்தார். இவன் நாடகம் ஆடுகிறான், இன்று தடி கொடுத்தால் நாளை அது உங்கள் முதுகில் விழும் என்ற கருத்தில் எச்சரித்தார். ஏழைகள் கூச்சல் போட்டார்கள். பணக்காரர்கள் பயந்து நழுவினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

கவனியுங்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை. சபை முறைப்படிதான் கூடியது. கூலியாள் கையும் அங்கே தூக்கியிருந்தது, சோலோன் வாங்கிக் கொடுத்த அதே உரிமையில். அந்தக் கைகளே தடிக்காரர்களைக் கொடுத்தன. ஐம்பது என்று சொன்னதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆள் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் அக்ரோபொலிஸ் கோட்டை அவர் கையில் விழுந்தது. ஏதென்ஸ் தனியாட்சிக்குப் போனது.

கிழவர் சும்மா இருக்கவில்லை. சந்தைக்குப் போய்ப் பேசினார், ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. வீட்டுக்கு வந்து, தம் ஆயுதங்களை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். நாட்டுக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்பது அதன் பொருள். நண்பர்கள் ஓடிப்போகச் சொன்னார்கள், போகவில்லை. இந்தக் கொடுங்கோலர்களை வளர்த்தது நீங்கள்தான், அவர்களுக்குக் காவல் கொடுத்தது நீங்கள்தான் என்ற கருத்தில் ஊராருக்கு ஒரு பாட்டும் எழுதினார்.

பிசிஸ்ட்ராட்டஸ் அவரைத் தொடவில்லை. மரியாதையாக நடத்தினார், ஆலோசனைகூடக் கேட்டார். ஆட்சியும் கொடூரமாக இல்லை. ஏழை விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார். சோலோனின் சட்டங்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். அதனால்தான் விஷயம் சிக்கலாகிறது. நல்லது செய்கிற தனியாளை எதிர்ப்பது சுலபமா? வயிறு நிறைந்தவனிடம் உரிமை போயிற்று என்றால் காதில் ஏறுமா? இடையில் இரண்டு முறை துரத்தப்பட்டும் திரும்பி வந்து, கி.மு. 527-ல் இறக்கும்போது அவரே தலைவர். பிறகு மகன்கள் வந்தார்கள். மகன் ஹிப்பியாஸ் காலத்தில்தான் தனியாட்சியின் மறுபக்கம் முழுதாகத் தெரிந்தது. தம்பி கொலையானதும் அவன் கொடுமை அதிகமானது, கி.மு. 510-ல் விரட்டப்பட்டான். அப்பன் நல்லவன் என்று கொடுத்த அதிகாரம் பிள்ளை கையில் அப்படி ஆயிற்று.

சோலோன் அதையெல்லாம் பார்க்கவில்லை. தனியாட்சி வந்த கொஞ்ச காலத்தில், கி.மு. 560 வாக்கில் கண்ணை மூடிவிட்டார். அவருடைய சாம்பலை சலாமிஸ் தீவில் தூவினார்கள் என்று ஒரு கதை உண்டு.

பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கி.மு. 508-ல் கிளிஸ்தனிஸ் என்பவர் மக்களைப் பத்துப் பிரிவாக்கி 500 பேர் மன்றம் அமைத்தார். மக்களாட்சி என்ற பெயருக்குத் தகுந்த ஆட்சி அப்போதுதான் உருவானது. சோலோன் மேல் வகுப்புக்கென்று வைத்த ஆர்க்கன் பதவி கி.மு. 457-ல் மூன்றாவது வகுப்புக்கும் திறந்தது. நீதிமன்றத்தில் உட்காருபவருக்கு நாள் சம்பளம் வந்தது. கூலிக்காரன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் அல்லவா? அதே மக்கள் நீதிமன்றம்தான் கி.மு. 399-ல் ஞானி சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்தது. கி.மு. 322-ல் மாசிடோனியப் படை வந்து மக்களாட்சியைக் கலைத்தது. அது வெளியிலிருந்து வந்த அடி.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது என்று கெட்டிக்கார மாணவன் கேட்பான். சோலோனின் பாட்டுகளில் சில துண்டுகள் மிஞ்சின. ஹெரோடோட்டஸும் புளூட்டார்க்கும் எழுதினார்கள். இன்னொரு நூல், அரிஸ்டாட்டில் பள்ளியில் எழுதப்பட்ட ஏதென்ஸ் அரசமைப்பு வரலாறு. அது தொலைந்து போய்விட்டது என்றே உலகம் நினைத்திருந்தது. எகிப்து மணலில் கிடைத்து, 1891-ல் லண்டனில் அச்சானது. அதைப் பிரதி எடுத்திருந்தது எதில் தெரியுமா? ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில். முன்பக்கம் கிராணி கணக்கு மாதிரி கூலியும் செலவும், பின்பக்கம் சோலோன்.

அந்த மரப் பலகைகள் என்ன ஆயின? நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு நாடகக்காரர், சோலோனின் பலகைகளை இப்போது பார்லி வறுக்க அடுப்பெரிக்கிறார்கள் என்று கேலி எழுதினார். கேலிதான், எல்லாவற்றையும் எரித்துவிடவில்லை. சோலோன் இறந்து 600 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, ரோமானியர் ஆட்சிக் காலத்தில், புளூட்டார்க் ஏதென்ஸுக்குப் போனார். நகர மண்டபத்தில் அந்தப் பலகைகளின் சில துண்டுகளை அவர் தம் கண்ணால் பார்த்தார்.